மார்கோ மாமா

ஓசூர் சிப்காட்டில் காலமெல்லாம் உழைத்து, பி.எஃப். பணத்தில் அஞ்செட்டிப் பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கிப் பண்ணைவீடு கட்டியவர்களில் சிலர் மாங்கன்று வைப்பார்கள், சிலர் நாட்டுக்கோழி வளர்ப்பார்கள். அபூர்வமாகச் சிலர் பிரெஞ்சு ஒயின் பற்றிப் பேசுவார்கள்.

நம் மாமா டூல் ரூம் மேனேஜராக ரிட்டயர் ஆனவர். கம்பெனிக்கு வந்த வெள்ளைக்காரர் கொடுத்துப்போன ஷாத்தோ மார்கோ பாட்டில் ஒன்று அவரிடம் இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் அதை வேப்பெண்ணெய் சோப்புக் கம்பெனி சரக்கு என்றே நம்புகிறார்கள். வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னால் 1855 வந்துவிடும். மூன்றாம் நெப்போலியன் பாரிஸ் பொருட்காட்சிக்காகப் போர்தோ ஒயின்களைத் தரம் பிரிக்கச் சொன்னது, முதல் தரத்தில் லஃபீட், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் நாலுக்கு மட்டும் இடம் கிடைத்தது, மூத்தோன் 1973 வரை வாசலில் நின்றது எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

“எப்ப மாமா திறப்பீங்க?”

“இன்னும் பத்து வருஷம் போகட்டும். டானின் அடங்கணும்.”

பத்து வருஷமாக இதையேதான் சொல்கிறார். ராத்திரியில் அவர் தொடுவது டாஸ்மாக் பிராந்தி, வெந்நீர் கலந்து.

பாட்டில் ஷோகேஸில், எல்.இ.டி. வெளிச்சத்தில் விறைப்பாக நிற்கிறது. தக்கை காயாமலிருக்க அதை இருட்டில், பதின்மூன்று டிகிரி வாக்கில், படுக்கவைக்க வேண்டும் என்று நமக்குப் பாடம் எடுப்பவரும் அவர்தான்.

வாட்ச்மேன் தாத்தா ஒருநாள் வழி சொன்னார். “அந்தக் காலத்துல ராகியவே குழி வெட்டித்தான் வெச்சாங்க. இதையும் பொதச்சிடலாமே சார்?”

“யானை தோண்டிட்டா?”

“யானை ராகிக்குத்தான் சார் வரும்.”

பிரான்சிலும் நிலவறையில்தான் வைக்கிறார்கள். ஆனால் புதைத்துவிட்டால் விருந்தாளிக்கு எதைக் காட்டுவது?

நான் ஃபோர்ப்ஸ் கதையை எடுத்தேன். 1985இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில், ஜெஃபர்சனின் பெயரெழுத்துகள் பொறித்த 1787 லஃபீட் பாட்டிலை ஃபோர்ப்ஸ் குடும்பம் 1,05,000 பவுண்டுக்கு எடுத்தது. காட்சிக்கு வைத்த விளக்குச் சூட்டில் தக்கை காய்ந்து உள்ளே விழுந்துவிட்டது. மாமா ஷோகேஸ் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பாட்டிலை ஏலத்துக்கு விட்ட ஆள் கைமாற்றிய வேறு பாட்டில்களில் எழுத்தை மின்கருவியால் பொறித்திருக்கிறார்கள் என்று நிபுணர்கள் சொல்லி, விவகாரம் கோர்ட்டுக்குப் போனதையும் சேர்த்துச் சொன்னேன்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மிதிச்சக்கரத்துல பாட்டிலைத்தான் திருப்பணும். கோடு ஒரு இடத்துல தடிக்கும், ஒரு இடத்துல மெலியும். கிரைண்டர்ல சின்ன பர் மாட்டிட்டா எழுத்து பேனாவுல எழுதினாப்புல வழுவழுன்னு போகும். எங்க டூல் ரூம் அப்ரண்டிஸ் பையனைக் கூப்பிட்டிருந்தாக்கூட ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பானே!”

அரைமணி நேரம் பர் பற்றியே பேசினார். சுவையான பேச்சு. ரெண்டாவது காபியை நானே கேட்டு வாங்கிக் குடித்தேன்.