கடல்ல கார் ஓட்டப்போற தம்பிக்கு

ஓமித் தீவுக்கா? கார்லயேவா? முதல்ல இஞ்சினை அணை தம்பி. நான் வழி சொல்லி முடிக்கிறதுக்குள்ள உன் டீசல் தீர்ந்துடும்.

இப்படி இந்த பஸ் ஸ்டாப் பெஞ்சுலயே உக்காரு. அந்த மூட்டையை மட்டும் மிதிச்சுடாத, கோழித் தீவனம். கையில என்ன, போனா? நீலக் கோடு போட்டுக் காட்டுதோ? காட்டட்டும், கோடு போட யாருக்குத்தான் தெரியாது. அந்தக் கோட்டுல கடைசி அரை மைல் தினம் ரெண்டு தடவை கடலுக்கு அடியில போயிடும்னு அது சொல்லிச்சா? உள்ள ஒரு அம்மா உக்காந்துக்கிட்டு "இடது பக்கம் திரும்பவும்"னு அதட்டுவாங்களாமே. அந்தம்மா என்னைக்காவது ஓமிக்கு வந்திருக்காங்களா? நான் பார்த்ததில்லை.

சரி, கேளு. உன் முன்னாடி கிடக்கே, இதுதான் அயர்லாந்தோட என்-59 ரோடு. கால்வேயை விட்டா கிளிஃப்டன் வரைக்கும் இதே ரோடுதான், எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கிலோமீட்டர்னு உனக்காகச் சொல்றேன். 2005 ஜனவரியில வேகப் பலகையை எல்லாம் மைல்லருந்து கிலோமீட்டருக்கு மாத்தினாங்க. என்னை யாரும் வந்து மாத்தலை.

முதல்ல மொய்க்கல்லன். முன்னெல்லாம் அந்த ஊருக்குள்ள நுழைஞ்சவன் வெளிய வர்றதுக்குள்ள அவனுக்குத் தாடி வளர்ந்துடும். 2023 டிசம்பர்ல புறவழிச்சாலை திறந்தாங்க. இப்ப ஊரையே பார்க்காம ஊரைத் தாண்டிடலாம். அடுத்து ஊக்டரார்ட். தண்ணி, ரொட்டி, டீசல் என்ன வேணுமோ அங்கேயே வாங்கிக்கோ. அதுக்கப்புறம் ஆட்டைத் தவிர விலைக்கு எதுவும் அதிகமா கண்ணுல படாது. அதையும் ஆட்டுக்காரனைக் கேட்டுத்தான் வாங்கணும்.

அப்புறம் மாம் கிராஸ். போன்ல அந்தம்மா மாம் கிராஸ்ம்பாங்க, பலகையில "அன் ட்யாஹ் டோசே"ன்னு எழுதியிருக்கும். வழி தப்பிட்டோம்னு பயந்து வண்டியைத் திருப்பிடாத, ரெண்டும் ஒண்ணுதான். ஐரிஷ் பேசற பகுதியில 2005-லருந்து பலகையில ஐரிஷ் பேர் மட்டும்தான். "எரிஞ்ச வீடு"ன்னு அர்த்தம். போன வருசம் ஒருத்தன் அங்க இறங்கி அந்த வீடு எங்கன்னு தேடியிருக்கான். எரிஞ்சு போச்சுப்பா, அதனாலதானே அந்தப் பேரு!

அதைத் தாண்டினா ரீசெஸ். ரோட்டோரம் ஒரு கல் ராட்சசன் உக்காந்திருப்பான். 1999-ல அங்கே இருக்கற கடைக்காரங்க வச்சது. எதுக்கு வச்சாங்கன்னு கேட்டுடக்கூடாதுன்னு, காரணம் ஒண்ணுமே இல்லைன்னு பலகையிலயே எழுதிட்டாங்க. இந்த நாட்டு அரசாங்கம் கட்டினதுல பாதிக்கு அப்படி ஒரு பலகை வச்சிருந்தா நாங்களும் வாயை மூடிட்டு இருந்திருப்போம்.

ஓரத்துல பச்சைப் பசேல்னு தரை கண்ணுல படும், போட்டோ எடுக்கலாம்னு தோணும். வண்டியை அதுல மட்டும் இறக்கிடாத. அது புல்லு இல்லை, சேத்துச் சதுப்பு. இது உனக்கு மட்டும் வர்ற மயக்கம் இல்லை. 1919 ஜூன்ல அல்காக், பிரவுன்னு ரெண்டு பேரு, உலகத்துலயே முதல்முதலா அட்லாண்டிக் பெருங்கடலை ஒரே மூச்சுல விமானத்துல தாண்டினாங்க. பதினாறு மணி நேரம் மேகத்துலயும் பனியிலயும் வழி தப்பாம வந்தவங்க, கிளிஃப்டன் பக்கத்துல நல்ல புல்வெளின்னு நம்பி இறக்கினாங்க பாரு, விமானம் மூக்கைச் சேத்துல குத்திக்கிட்டு வாலைத் தூக்கிடுச்சு. கடலையே தாண்டினவனைக் கவுத்த மண்ணு தம்பி இது. வாடகைக் காரெல்லாம் அதுக்கு ஒரு வாய்.

ரயில்ல போகலாமேன்னு கேப்பே. போகலாம், நூறு வருசம் முன்னாடி வந்திருந்தா. 1895-ல கால்வேயிலருந்து கிளிஃப்டனுக்கு ரயில் விட்டாங்க. 1935-ல மூடிட்டாங்க. நாப்பதே வருசம். என் தாத்தா அதுல ஏறணும், ஏறணும்னு யோசிச்சுக்கிட்டே இருந்தாராம்.

கிளிஃப்டன்ல ஒரு வேலை இருக்கு. கடல் வற்றம் எத்தனை மணிக்குன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோ. படகுக்காரனைக் கேளு, இல்லை மளிகைக் கடையில கேளு. நேத்துப் போயிட்டு வந்த டூரிஸ்டைக் கேக்காத. கடல் தினமும் அம்பது நிமிசம் போலத் தாமதமா வரும். நேத்து மூணு மணிக்கு வத்தின கடல் இன்னைக்கு மூணு அம்பதுக்குத்தான் வத்தும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நல்லா இறங்கும், அதே மாதிரி நல்லா ஏறவும் செய்யும். அரைநிலா நாள்ல ரெண்டுக்குமே சோம்பல் பட்டுக் கிடக்கும். என்னது, ஒன்றரை மணி நேரத்துல போயிடலாம்னு போன் போட்டிருக்கா? போயேன். அரக்கப் பரக்கப் போய்க் கரையில ஆறு மணி நேரம் உக்காந்திரு.

கிளிஃப்டனைத் தாண்டி வெஸ்ட்போர்ட் போற ரோட்டையே பிடி. கிளாடக்டஃப்னு பலகை பார்த்து இடப்பக்கம் ஒடி. பேசிக்கிட்டே போய் அதைத் தவறவிட்டு, கிளெகன் பலகையைப் பார்த்து ஒடிச்சா அந்தத் துறைமுகத்துல போய் நிப்பே. அங்க இனிஷ்போஃபினுக்குப் படகு ஏத்திவிட்டுக்கிட்டு இருப்பாங்க. கூட்டத்தோட கூட்டமா நீயும் ஏறிட்டு, ஓமி ரொம்ப அழகுன்னு ஊருக்கு எழுதாத.

இனிமே இருக்கறது ஒத்தையடி ரோடு, நடுவுல புல்லு முளைச்சிருக்கும். ஐரிஷ்ல ரோட்டுக்கு "போஹர்"னு பேரு. "போ"ன்னா பசு. ஒரு பசு நெடுக்கா நின்னு, இன்னொண்ணு குறுக்கா நின்னா என்ன அகலம் வருமோ அதுதான் போஹர்னு ஒரு பழைய ஏட்டுல இருக்கு. நீ போகப்போறது அதோட குட்டி, "போஹரீன்". ஒரு பசுவே யோசிச்சுத்தான் திரும்பும். 2025 பிப்ரவரியிலருந்து இந்த மாதிரி ரோட்டுல 80-ஐக் குறைச்சு 60 ஆக்கியிருக்காங்க. அந்த அறுபதும் கிடைக்கும்னு ஆசைப்படாத. எதிர்ல டிராக்டர் வந்தா நீதான் பின்னாடி போகணும். சட்டம் என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியாது, ஆனா டிராக்டர் போகாது.

ஆங், முக்கியமானதை விட்டுட்டேன். எதிர்ல யார் வந்தாலும் ஸ்டீயரிங்கைப் பிடிச்ச கையில ஒரு விரலைத் தூக்கணும். ஒத்தை விரல், ஆட்காட்டி விரல். கையை ஆட்டினா வெளியூர்க்காரன்னு தெரிஞ்சு போகும், ரெண்டு விரல் தூக்கினா ஓட்டுக் கேக்க வந்தவன்னு நினைப்பாங்க. அதோ ஒரு பஸ் வருது பாரு, டிரைவரை நல்லா கவனி. தூக்கினானா? நானும் தூக்கினேன். அவ்வளவுதான். போயிட்டான்.

எங்க விட்டேன்? கிளாடக்டஃப். சர்ச்சு வந்ததும் நிறுத்து. கீழ எட்டிப் பார்த்தா ஒண்ணு மணல் இருக்கும், இல்லை கடல் இருக்கும். கடல் இருந்தா வண்டியை விட்டு இறங்காத. மணல் இருந்தா, நடுவுல அம்புக்குறி போட்ட கம்பம் வரிசையா நட்டிருக்கும், அதை ஒட்டியே ஓட்டு. குறுக்கு வழி கண்டுபிடிக்கிற கெட்டிக்காரத்தனத்தைக் கால்வேயிலயே இறக்கி வச்சுட்டுப் போ. வீட்டுக்கு வந்ததும் வண்டியோட வயித்தை நல்ல தண்ணியில கழுவு, உப்பு விடாது.

அங்க போய் என்ன பார்க்கறதா? பாதி மணலுக்குள்ள புதைஞ்ச ஒரு கோயில் இருக்கு, புனித ஃபேஹீன் பேர்ல. அவரு ஏழாம் நூற்றாண்டுக்காரர். அந்தக் கோயிலை மணலே முழுங்கியிருந்தது, 1981-லதான் தோண்டி வெளிய எடுத்தாங்க. அவர் பேர்ல ஒரு கிணறும் உண்டு. நடுவுல ஒரு ஏரி, சுத்தி முயல் வளை. 1841-ல நானூறு பேருக்குக் கிட்ட அங்க குடியிருந்தாங்க. அப்புறம் உருளைக்கிழங்கு அழுகின பஞ்சம் வந்தது, கப்பல் வந்தது. கடைசியா ஒரே ஒருத்தர் தனியா இருந்தார், 2017-ல அவரும் போயிட்டார். இப்ப நிரந்தரமா இருக்கறது இடுகாட்டுக்காரங்கதான். எங்க ஆளுங்களை இன்னும் அங்கதான் புதைக்கறோம். செத்தவனும் வற்றம் பார்த்துத்தான் போகணும் தம்பி. ஒருத்தனும் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஒண்ணே ஒண்ணு. திரும்பறதுக்கு நேரம் வச்சுக்கோ. தண்ணி எதிர்ல இருந்து மட்டும் வராது, ரெண்டு பக்கத்திலயும் இருந்து வந்து நடுவுல கைகோத்துக்கும். நீ முயலைப் பார்த்துக்கிட்டு இருப்பே, அது சத்தமில்லாம டயரைத் தொட்டுக்கிட்டு இருக்கும். போன கோடையில ஒரு வெள்ளைக் காரு, கூரை மட்டும் தெரிஞ்சுது. மேல ஒரு கடல்காகம் உக்காந்திருந்துச்சு. வாடகைக்கு எடுத்தவன் கரையில நின்னு இன்சூரன்ஸ் பத்திரத்தைப் படிச்சுக்கிட்டு இருந்தான், ரொம்பக் கவனமா.

இன்னைக்கு வற்றம் அஞ்சே முக்காலுக்கு. இப்பக் கிளம்பினா நாலு மணிக்குப் போய்ச் சேரலாம், சரியா இருக்கும். எல்லாம் ஞாபகம் இருக்கில்ல? எங்க, மாம் கிராஸுக்குப் பலகையில என்ன பேரு, சொல்லு பார்ப்போம்.

அதான் பார்த்தேன்.

டிக்கியைத் திற. அந்த மூட்டையோட அந்தப் பக்கக் காதைப் பிடி, எனக்கு இடுப்பு சரியில்லை. கிளாடக்டஃப்ல சர்ச்சுக்குக் கொஞ்சம் முன்னாடி என்னை இறக்கிவிட்டாப் போதும். பஸ்ஸா? என் பஸ்தான் அப்பவே போயிடுச்சே. உனக்கு விரல் தூக்கச் சொல்லிக் கொடுத்தேன் பாரு, அந்த பஸ்தான். நீ பாடம் கேட்டுக்கிட்டு இருக்கறப்ப நான் எழுந்து போனா மரியாதையா இருக்குமா?

கதவைச் சாத்து. அந்த அம்மாவையும் பேச்சை நிறுத்தச் சொல்லு. ஒரு வண்டிக்கு வழி சொல்ல ஒரு ஆள் போதும்.