சாக்கு எடையக் கழிச்சுப் பாரு கண்ணு

ஏங் கண்ணு, சைக்கிள்ல மலை ஏறறதுக்குக் கால் முடியெல்லாம் செரைச்சுப்போட்டியாமா? அப்பத்தான் காத்து வழுக்கிட்டுப் போகும்னு உங்கம்மாகிட்டச் சொன்னியாம். பந்தயத்துல நாப்பது, அம்பது வேகத்துல போறவன் சொன்னா அதுல ஒரு நாயம் இருக்குது. காரமடையில இருந்து மஞ்சூர் போற கெத்தை ஏத்தத்துல நீ போகப்போறது மணிக்கு எட்டோ பத்தோ. அந்த வேகத்துக்குக் காத்து உன்ன முந்திப் போயி, மஞ்சூர்ல டீ குடிச்சுட்டு ஒக்காந்திருக்கும். அதுகிட்ட உனக்கென்ன தகராறு?

மலை ஏறும்போது உன்னப் புடிச்சுக் கீழ இழுக்கறது எடை. எடையப் பத்தி எங்கிட்டப் பேசாத சாமி. மேட்டுப்பாளையம் உருளக்கெழங்கு மண்டியில தராசு புடிச்ச கை இது. மூட்டையத் தூக்கி வெச்சா முள்ளு நிக்கறதுக்கு முந்தியே கிலோ சொல்லிப்போடுவேன். மொதல்ல சாக்கு எடையக் கழிக்கோணும். அப்பறந்தான் சரக்கு. உன்னையும் அப்படித்தான் பாக்கறேன்.

சாக்கு நெம்ப எச்சா இருக்குது கண்ணு.

புதுச் சைக்கிள் எட்டுக் கிலோவாம். பழசு பத்து. ரெண்டு கிலோ கொறையறதுக்கு லட்சத்துக்கு மேல எண்ணி வெச்சுட்டு வந்திருக்கறே. சரி, கணக்கப் பாத்தர்லாம். நீ எழுவது கிலோ, பழைய சைக்கிள் பத்து, ஆக எம்பது. அதுல ரெண்டு போனா நாப்பதுல ஒரு பங்கு. மூணு மணி நேரம் ஏறுனீன்னா மிச்சமாகறது நாலு நிமிஷம், மிஞ்சிப்போனா நாலரை. அந்த நாலு நிமிஷத்த வெச்சுட்டு என்ன சோலி பாக்கப்போறே? எமரால்டு ஏரியோரத்துல சைக்கிளக் கல்லுமேல சாத்தி, சக்கரத்து வால்வு நேராக் கீழ பாக்குதான்னு குனிஞ்சு குனிஞ்சு திருத்தி, போட்டோ எடுக்கறதுக்கே பத்து நிமிஷம் வேணுமே உனக்கு!

வவுத்துல ரெண்டு கிலோ கொறைச்சாலும் அதே நாலு நிமிஷந்தான். அதுக்குச் செலவு கெடையாது. ராத்திரி புரோட்டாவ நிறுத்துனா வரவுதான்.

யுசிஐன்னு ஒலகத்துக்கே பந்தயச் சட்டம் போடற சங்கம் ஒண்ணு இருக்குதாமே. பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழ போகக் கூடாதுன்னு 2000-லயே சட்டம் போட்டுட்டான். ஓட்டி ஓட்டிச் சலிச்சவன் கொறைக்காதேங்கறான். ஞாயித்துக்கெழமை மட்டும் ஓட்டற நீ டைட்டானியம் போல்ட்டு வாங்கி கிராம் கணக்குல கொறைக்கறே. நல்லா இருக்குது.

அந்த சீட்டு இருக்குது பாரு, அதப் பாத்துத்தான் எனக்குச் சிரிப்பு அடங்கல. எடை கொறையோணும்னு சீட்டுல இருந்த பஞ்செல்லாம் எடுத்துப்போட்டு, வெறும் ஓட்டக் குடுத்திருக்கறான். ஒக்கார முடியல. அதுக்குப் பஞ்சு வெச்ச ட்ரவுசர் தனியா விக்கறான். ரெண்டுக்கும் ரெண்டு பில்லு. சீட்டுல இருந்தா இனாம், ட்ரவுசருக்கு வந்தா அஞ்சாயிரம். யாவாரம்னா அது யாவாரம். எங்க மண்டி மொதலாளிக்கெல்லாம் இது தோணாமப் போச்சு.

இனித் தண்ணிக்கு வருவோம். முக்கா லிட்டர் பாட்டில் ரெண்டு. அது மட்டும் ஒண்ணரைக் கிலோ. போல்ட்டுல கொறைச்சது என்னாச்சுன்னு நான் கேக்கல. தண்ணி இல்லாமப் போகாதே, அது புத்தி கெட்ட வேல. ஆனா அது எங்க புடிச்ச தண்ணின்னு ரோசனை பண்ணுனியா? கோயமுத்தூர்ல உங்க ஊட்டுக் குழாயில வர்றது பில்லூர்த் தண்ணி. பில்லூர் அணைக்கு அது எங்கிருந்து வருதுன்னு நெனைக்கறே? மேல எமரால்டும் அவலாஞ்சியும் இருக்குதல்லோ, நீ பாக்கப்போற அதே ஏரிக, அங்கிருந்தும் வருது. குந்தா பவர் ஹவுஸ்ல ஒருக்கா உழுந்து, கெத்தையில ஒருக்கா உழுந்து, பரளியில ஒருக்கா உழுந்து, எல்லா எடத்துலயும் கரண்டு எடுத்த பின்னால பில்லூருக்கு வந்து சேருது. அத ஒரு கூட்டம் சுத்தம் பண்ணிக் குழாயில உங்கூட்டுக்கு அனுப்புது. நீ அதப் பாட்டில்ல புடிச்சு, காரமடைக்கு வந்து, வெள்ளியங்காடு, முள்ளி, கெத்தைன்னு 43 கொண்டை ஊசி வளைவு மிதிச்சு, புறப்பட்ட எடத்துக்கே கொண்டு போய் விடறே. சுண்டைக்கா காப்பணம், சொமகூலி முக்காப்பணம்னு அந்தக் காலத்துலயே சொல்லி வெச்சிருக்காங்க.

நீ ஏறும்போது வழியில பெரிய பெரிய இரும்புக் குழாய் மலைமேல இருந்து செங்குத்தா எறங்கறதப் பாப்பே. உனக்கு எதுக்கால தண்ணி உழுந்துட்டிருக்குதுன்னு அர்த்தம். அது எறங்கறதுல கரண்டு வருது. நீ ஏறறதுல என்ன வருது? ஈபியில இருந்த எங்க மச்சான் ஒருக்கா கணக்குப் போட்டுக் காட்டுனான். எம்பது கிலோவ 1600 மீட்டர் ஒசரத்துக்கு ஏத்தறதுக்கு ஆகற சக்தி, ஒரு யூனிட் கரண்டுல மூணுல ஒரு பங்குதானாம். நானும் நம்பல. திருப்பிப் போடச் சொன்னேன். அதேதான் வந்துச்சு. காரமடையில இருந்து மஞ்சூர் வரைக்கும் நாக்குத் தள்ள மிதிச்சதுக்கு முழுசா ஒரு யூனிட் கூட இல்ல. ஊட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டக் கவருமெண்ட்டு சும்மாவே குடுக்குது.

அன்னைக்கு டீக்கடையில "இருநூறு வாட்ஸ் புடிச்சேன்"னு நெஞ்ச நிமித்திட்டுச் சொன்னியே. உங்கம்மா தேங்காச் சட்னி அரைக்கிற மிக்ஸி 750 வாட்டு. அது ஒரு நாளாவது போன்ல போட்டு லைக்கு கேட்டுதா?

சரி சரி, மூஞ்சியத் தூக்காத. நாங்க மட்டும் என்ன கிழிச்சமுங்கறயா? ஒண்ணும் கிழிக்கல. எங்க ஹெர்குலஸ் சைக்கிள் இருவது கிலோவுக்கு மேல. கியர்னா லாரியில மட்டுந்தான் பாத்திருக்கோம். அத எடுத்துட்டு மலை ஏறுனீங்களான்னா, ஏறல. சைக்கிளப் பஸ்ஸுமேல கட்டிப்போட்டு உள்ள ஒக்காந்து தூங்கிட்டுப் போனோம். எங்க காலத்துப் பெருசுக வந்து "நாங்கெல்லாம் அந்தக் காலத்துல"ன்னு ஆரம்பிச்சா நம்பாதே. அதுல முக்காப்பங்கு புளுகு.

ஆனா கியர் விசயத்துல ஒண்ணு சொல்லோணும், இது வெளையாட்டில்ல. பின்னால இருக்கற பல்சக்கரத்துல பெருசு 28 பல்லுக்கு மேல வேண்டாம், புரொபசனல் அப்படித்தான் வெப்பான்னு கடைக்காரங்கிட்ட வாதம் பண்ணுனியாமே. அவனுக்கு அதுதான் சோறு, பொழுதன்னைக்கும் மிதிக்கறான். நீ கம்ப்யூட்டர் முன்னால ஒக்காந்து சம்பாதிக்கறவன். முன்னால 34, பின்னாலயும் 34 பல்லு மாட்டு. ஒரு மிதிக்கு ஒரு சுத்து, அவ்வளவுதான். லோடு லாரிக்காரன் கெத்தை ஏத்தத்துல என்ன கியர்ல போறான்? அவனுக்கு அதுல வெக்கம் உண்டா? முட்டி போச்சுன்னா கடைக்காரன் வேற முட்டி விக்க மாட்டான்.

அப்பறம் அந்த ராஜா பட்டம். போன்ல ஒரு துண்டு ரோட்டக் குறிச்சு வெச்சு, அதுல வெசயா ஏறுனவனுக்கு மலைக்கு ராஜான்னு கிரீடம் குடுக்கறானாமே. கெத்தைப் பக்கம் ராஜா யாருன்னு அங்க போற கவருமெண்ட்டு பஸ் டிரைவரக் கேளு. ஆனை குட்டியோட நடு ரோட்டுல வந்து நிக்கும். டிரைவரு இஞ்சினையும் நிறுத்தி, மூச்சையும் நிறுத்தி ஒக்காந்திருப்பாரு. அதுக்கு மனசு வந்தாத்தான் வழி. உன்ற வாச்சுல நேரத்தத் தானா நிறுத்தற வசதி இருக்குதாமே, அன்னைக்குத்தான் அதுக்கு வேல. கொம்பன் நிக்குதுன்னு தெரிஞ்சும் கிரீடத்துக்காகப் பூந்து போகாதே. செக்போஸ்ட்டுல பாரஸ்ட் கார்டு இப்பப் போகாதீங்கன்னா போகாதே. ஷூவ மிதியில மாட்டிக் கெட்டியாப் பூட்டிட்டுப் போறவன் நீ. ஆனையப் பாத்துக் காலக் கழட்டறதுக்குள்ள சாஞ்சு உழுந்து கெடப்பே.

மஞ்சூர் தாண்டி எமரால்டு போயிச் சேந்தீன்னா, கண்ணுக்கு நெசமாவே குளிர்ச்சியா இருக்கும். அதுல எனக்கு மாத்துப் பேச்சில்ல. ஏறத்தாழ 2000 மீட்டர் ஒசரம், மேகம் வந்து தண்ணியத் தொட்டுட்டுப் போகும், சுத்தியும் தேயிலை, கேரட்டுக் காடு, அக்கட்டால சோலை. எங்க மண்டிக்கு மூட்டை வந்த காடுக. ஆனா போட்டோவுக்குக் கீழ மனுசன் கைபடாத இயற்கை, ஆல்ப்ஸ் மலை ஏரின்னெல்லாம் எழுதிப்போடாதே கண்ணு. ஆல்ப்ஸ்ல பனியாறு பாறையக் கொடைஞ்சு ஏரி பண்ணுச்சு. இங்க பண்ணுனது ஈபிக்காரன். 1950-கள்ல குந்தா திட்டம்னு ஆரம்பிச்சு, கொழும்புத் திட்டத்துல கனடாக்காரன் ஒதவி பண்ணி, பாறைய ஒடைச்சு, கெட்டி நிறுத்துன தண்ணி அது. வெடி வெச்சவன், கல்லுச் சொமந்தவன், இரும்புக் குழாய மலைமேல ஏத்துனவன், எத்தன கை பட்டிருக்கும்? உன்னையாட்டம் அவனுக நெஞ்சுத் துடிப்ப எந்தப் பெல்ட்டு கட்டி எண்ணுனானுக?

ஆடி ஆவணியில போலாமான்னு கேக்காதே. 2019 ஆகஸ்ட்டுல அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சு. பத்தாயிர ரூபாச் சட்டைக்குள்ள தண்ணி போகாதுன்னு அட்டையில எழுதியிருக்குதுங்கறே. எழுதுனவன் அவலாஞ்சிய எங்க பாத்தான்? பனி முடிஞ்சு, மழைக்கு முந்தி, மாசி பங்குனியில போ.

ஏறறதப் பத்தியே எல்லாரும் பேசறீங்க. நான் பயப்படறது எறங்கறதுக்குத்தான். லாரிக்கு எறக்கத்துல இஞ்சினே புடிச்சு நிறுத்தும். ஏறுன கியர்லயே எறங்கோணும்னு மலை ஓட்டறவன் பாலபாடமாப் படிச்சிருப்பான். சைக்கிளுக்கு அந்தச் சௌகரியம் ஏது? எல்லாம் பிரேக்குலதான். வளைவுக்கு வளைவு அமுக்கிப் புடிச்சுட்டே வந்தீன்னா காயும். அதுவும் கார்பன் ரிம்மு, அதுலயே தேய்க்கிற பிரேக்குன்னா, சூடேறி ரிம்மே எளகிப் போகும். ஏறறப்ப நாலு நிமிஷம் மிச்சம் பண்றதுக்கு வாங்குன சக்கரம் எறங்கறப்ப உன்னயே வித்துப்போடும். வளைவுக்கு முன்னாலயே அமுக்கு, வளைவுல விடு. நாலு வளைவுக்கு ஒருக்கா நின்னு, கைய ஒதறி, சக்கரத்தத் தொட்டுப் பாரு. ஏறி வர்ற வண்டிக்கு வழி விடு, மலையில ஏறறவனுக்குத்தான் மொதல் பாத்தியதை.

கீழ வேர்த்து ஒழுகுன ஒடம்பு மேல போனதும் வெடவெடங்கும். அதே ஈரச் சட்டையோட எறங்குனா நெஞ்சுல சளி கட்டிக்கும். அதுக்கும் மடிச்சுப் பையில வெக்கிற காத்துச் சட்டை ஒண்ணு பாத்து வெச்சிருக்கறயாக்கும்? எடுத்து உள்ள வை. பிரான்ஸ் நாட்டுல பெரிய பந்தயம் ஓட்டுனவனுகளே மலை உச்சியில நியூஸ் பேப்பர வாங்கிச் சட்டைக்குள்ள நெஞ்சுல சொருகிட்டு எறங்குனதுண்டாம். எடை கம்மி, காசு கம்மி, காத்தும் உள்ள பூராது. மஞ்சூர் டீக்கடையில தந்தி பேப்பர் கெடைக்கும். ஒரு டீயும் ஒரு வர்க்கியும் வாங்கித் தின்னுட்டு, பேப்பரக் கேட்டு வாங்கிக்கோ. சொருகறதுக்கு முன்னால உன்ற ராசிக்கு என்ன போட்டிருக்கறான்னு மட்டும் ஒருக்கா பாத்துக்கோ. பிரயாணம் வேண்டாம்னு இருந்தா, மத்தியான பஸ்ஸுல மேல கட்டிட்டு வா.