சதவீத அண்ணாச்சி

ஹைதராபாத் மாதாப்பூரின் ஐயப்பா சொசைட்டியில் ஹாஸ்டல் போர்டுகளுக்கும் பிரியாணிக் கடைகளுக்கும் நடுவே எப்படியும் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கும். 'பிரின்ட் அவுட், ஸ்பைரல் பைண்டிங், ஹார்டு பைண்டிங்' என்று போகிற போர்டின் கடைசி வரியில், கொஞ்சம் கூச்சப்பட்ட எழுத்தில், 'பிளேஜியரிசம் ரிமூவல்' என்றும் இருந்தால் அது அவர் இடம். பகலில் சைபர் டவர்ஸ் பக்கம் ஏதோ ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் இங்கே, ஓரத்து ஸ்டூலில், லேப்டாப்போடு. நெல்லைக்காரர் என்றால் அண்ணாச்சி, விஜயவாடாக்காரர் என்றால் அன்னா. மற்றபடி ஒரே வார்ப்பு.

வருகிறவனிடம் ஆராய்ச்சித் தலைப்பு என்ன, கைடு யார், எந்த யுனிவர்சிட்டி என்றெல்லாம் கேட்க மாட்டார். காய்ச்சல் எத்தனை டிகிரி என்கிற டாக்டரைப் போல, "எத்தன?" என்பார். வந்தவன் தலையைக் குனிந்துகொண்டு "47" என்பான். "அட, போன வாரம் 82 பாத்தேன்டே" என்று சொல்லும்போதே வந்தவன் முகத்தில் பாதி டாக்டர் பட்டம் ஏறிவிடும்.

கருத்துத் திருட்டைத் தடுக்க 2018இல் யுஜிசி கொண்டுவந்த விதிமுறைகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை போனால் திருத்தி ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். 60 வரை போனால் ஒரு வருடத்துக்குத் திருத்திய பிரதியைக்கூட நீட்ட முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. அரசாங்கம் தண்டனைக்குப் போட்ட படிகளை அண்ணாச்சி அப்படியே தன் ரேட் கார்டாக எடுத்துக்கொண்டார். இதைக் காப்பி என்று யாரும் சொல்ல முடியாது, அரசு ஆவணம்.

அதே விதிகளில் ஒரு சலுகை உண்டு. பொதுவாகத் தெரிந்த செய்தியோ தற்செயலாக ஒத்துப்போகும் சொற்களோ தொடர்ச்சியாக 14 வார்த்தை வரை இருந்தால் கணக்கில் சேராது. ராமருக்கு 14 வருஷம், அண்ணாச்சிக்கு 14 வார்த்தை. எந்த வாக்கியத்தைக் கண்டாலும் விரல்விட்டு எண்ணுவார். பதின்மூன்றாவது வார்த்தை வந்ததும் ஒரு 'ஹவ்எவர்' செருகுவார். அவர் கைபட்ட தீசிஸில் சிமென்ட் 'ஹவ்எவர்' இறுகும், பட்டுப்புழு 'ஹவ்எவர்' கூடு கட்டும்.

முன்னுரை, நன்றியுரை, ரெஃபரன்ஸ் பட்டியல் இவற்றுக்கும் சோதனையில் விலக்கு உண்டு. இதில் நன்றியுரைதான் பையன்கள் பயமில்லாமல் நகலெடுக்கும் பகுதி. கல்யாணமே ஆகாதவன் 'என் அருமை மனைவியின் பொறுமைக்கு' நன்றி சொல்லியிருப்பதை அண்ணாச்சி கண்டும் காணாமல் விடுவார். அது சதவீதத்தில் வராது.

சரக்கு பெரும்பாலும் ஷோத்கங்காவிலிருந்து வருகிறது. நாட்டின் பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆய்வேடுகளை ஏற்றி வைக்கும் மின்களஞ்சியம் அது. காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் நடத்துவது. கங்கையில் மூழ்கினால் பாவம் போகும், இந்தக் கங்கையில் மூழ்கினால் பாவம் வெளியே தெரியும். தெரிந்துவிடாமல் இருக்க ஒரு காலத்தில் ஆங்கில எழுத்தை எடுத்துவிட்டு அதே முகஜாடையுள்ள ரஷ்ய எழுத்தை வைத்தார்கள். சாஃப்ட்வேர் அதையும் படித்துக்கொண்டது. அப்புறம் வார்த்தையை மாற்றிப் போடும் மெஷின்கள் வந்தன. 2021இல் கியோம் கபனாக் என்ற பிரெஞ்சுக் கணினி அறிஞரும் சகாக்களும் ஆய்வுக் கட்டுரைகளைத் துழாவியபோது 'ஆர்ட்டிபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்' என்றும், 'பிக் டேட்டா' என்பது 'கொலாசல் இன்ஃபர்மேஷன்' என்றும் அச்சாகிக் கிடந்ததைக் கண்டார்கள். சித்திரவதைக்குள்ளான சொற்றொடர்கள் என்றே அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். அண்ணாச்சிக்கு இந்த விஷயம் தெரியும், பேச்சு வந்தால் கோபமும் வரும். "அது மெஷின் வேலடே. நம்மது கைவேல."

இந்த மனிதருக்குச் சரியான வழி தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. "ரெண்டு பக்கம் படி. மூடி வை. ரூம்மேட்டுக்குச் சொல்ற மாதிரி ஒன் வார்த்தையில எழுது. அப்புறம் தொறந்து பாத்து தப்பத் திருத்து. யார் சொன்னான்னு அங்கனயே குறிச்சு வை. அடுத்தவன் வாக்கியம் அப்படியே வேணும்னா மேற்கோள் குறிக்குள்ள போடு. சதவீதம் தானா எறங்கும்." எந்தப் பல்கலைக்கழகப் பயிலரங்கிலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த யோசனைக்கு அவர் காசு வாங்குவதும் இல்லை. பையன் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "அதுக்கு மூணு மாசம் ஆகுமே அண்ணாச்சி, வெள்ளிக்கிழம சப்மிஷன்" என்பான். அண்ணாச்சி எண்ண ஆரம்பிப்பார்.

இதில் யாரும் கவனிக்காதது ஒன்று. அந்த தீசிஸை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிற ஒரே பிறவி அவர்தான். எழுதியவன் பத்தி பத்தியாக ஒட்டியவன், படித்தவன் அல்லன். கைடு சினாப்சிஸோடு நின்றுவிட்டார். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முடிவுரையைப் பார்ப்பார், ரெஃபரன்ஸில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார். மனைவியும் மாமனாரும் தங்க எழுத்து அட்டையைப் பார்ப்பார்கள். அண்ணாச்சி மட்டும் வார்த்தை வார்த்தையாக எண்ணி எண்ணிப் படித்து, இறால் பண்ணை, மகளிர் சுய உதவிக் குழு, சாம்பல் செங்கல் என்று சகலத்திலும் ஞானம் பெற்றுவிட்டார். ஈரானி டீக்கடையில் எவனாவது துர்கம் செருவு ஏரியில் ஆகாயத்தாமரை மண்டுகிறது என்று ஆரம்பித்தால் போச்சு. அது எங்கிருந்து வந்த செடி, தண்ணீரில் எது கூடினால் இது கூடும் என்று மூன்று தீசிஸ் அளவுக்குச் சொல்வார். மூன்றிலும் நாலாம் அத்தியாயம் ஒன்றுதான் என்பதையும் சேர்த்து.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபோது தொழில் போச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இப்போது வருகிறவன் "சிமிலாரிட்டி 3, ஏஐ 91" என்று பிளட் பிரஷர் மாதிரி இரண்டு எண் சொல்கிறான். இங்கிலீஷ் வழவழவென்று ஒரு பிசிறில்லாமல் இருக்கிறது. சந்தேகத்துக்கு அதுவே போதும். ஆகவே அண்ணாச்சி இப்போதெல்லாம் பிழை போடுகிறார். ஒரு 'தி'யை உருவுகிறார், பன்மை வர வேண்டிய இடத்தில் ஒருமையை வைக்கிறார், நீள வாக்கியத்தை நடுவில் அந்தரத்தில் விடுகிறார். 'ஹவ்எவர்' வழக்கம்போல உண்டு. அன்றைக்கு ஓர் எம்டெக் பையன் பிரின்ட் அவுட்டைப் புரட்டிப் பார்த்துப் பதறிவிட்டான்.

"என்ன அண்ணாச்சி, இவ்ளோ தப்பு?"

"அத்தனையும் சொந்தத் தப்புடே. எங்கேயும் எடுத்தது கெடையாது. ரேட்டு தனி."