சித்தப்பா ரிமோட்

டெல்லி முனிர்காவில் எதிர்வீட்டுக்காரருக்கு உப்பு வேண்டுமென்றால் பால்கனியிலிருந்தே கையை நீட்டி வாங்கிக்கொள்ளலாம். சந்தின் அகலம் அவ்வளவுதான். அங்கே நாலாம் மாடி ஒற்றை அறையில் இருந்துகொண்டு அமெச்சூர் ரேடியோ ஆசை வந்தது என் கிரகம். 7 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் ஆன்டெனா கட்ட ஏறக்குறைய 20 மீட்டர் கம்பி வேண்டும். மொட்டைமாடியில் மூலைக்கு மூலை வளைத்துக் கட்டினேன். மறுநாள் வீட்டுக்காரம்மாள் அதில் இரண்டு ரஜாய் காயப்போட்டிருந்தார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். செட்டைப் போட்டால் மீட்டர் எஸ்-9ஐத் தொட்டுக்கொண்டு நின்றது. யாரும் பேசவில்லை, அக்கம்பக்கத்து எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்து வைத்த கச்சேரி.

ஆகவே செட்டைத் தென்காசிக்கு அனுப்பினேன். சித்தப்பா வீட்டில் இரண்டு தென்னை, நடுவே தாராளமான இடம். என் லைசென்ஸில் உள்ள விலாசமும் அதுதான். சித்தப்பாவும் லைசென்ஸ்காரர், அந்தக் காலத்தில் தந்தி ஆபீசில் மோர்ஸ் தட்டியவர். 2013 ஜூலையில் தந்தி சேவையை மூடிய அன்று தலைமுழுகியவர்.

முனிர்காவில் இருந்தபடியே செட்டை இயக்க, அதன் யூ.எஸ்.பி. வயரை ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் செருகச் சொல்லி, செட்டை ஆட்டிவைக்கும் ஹாம்லிப் மென்பொருளை அதில் 4532ஆம் போர்ட்டில் உட்கார்த்தினேன். முனிர்காவிலிருந்து கூப்பிட்டால் பதில் இல்லை. ஊர் இணைய இணைப்பு ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருந்தது. வெளியிலிருந்து வருகிறவனுக்கு எந்தக் கதவைத் தட்டுவதென்றே தெரியாது. நடுவில் ஒரு சர்வரை வாடகைக்குப் பிடித்து, பையும் நானும் வயர்கார்ட் என்ற வி.பி.என். வழியே அங்கே சந்திப்பதாக ஏற்பாடு. பெண் பார்க்க இரண்டு குடும்பமும் கோயிலுக்கு வருகிற மாதிரி.

முதல் நாளே 100 வாட்டில் போட்டேன். கிளம்பிய அலையில் கொஞ்சம் யூ.எஸ்.பி. வயருக்குள்ளேயே புகுந்து, பை மூர்ச்சையானது. 'போதும், நிறுத்து' என்று செட்டுக்குச் சொல்ல ஆளில்லை. அது பாட்டுக்கு முழங்கிக்கொண்டிருக்கிறது. போன் போட்டால் சித்தி. சித்தப்பா காசி விசுவநாதர் கோயிலுக்குப் போயிருக்கிறார்.

“சித்தி, சீக்கிரம்! செட்டுக்குப் போற கறுப்பு வயரைப் புடுங்குங்க!”

“எந்தக் கறுப்புலே? எல்லாமே கறுப்பாத்தான கெடக்கு.”

குழப்பமே வேண்டாமென்று மெயின் சுவிட்சை இறக்கிவிட்டாள். ஃபிரிட்ஜ் நின்றது, மோட்டார் நின்றது, பக்கத்து அறையில் சீரியல் நின்றது. செட் நிற்கவில்லை, அது லாரி பேட்டரியில் ஓடுகிறது. கோயிலிலிருந்து திருநீறோடு வந்த சித்தப்பாதான் பேட்டரி கிளிப்பைக் கழற்றினார். அப்புறம் அலை உள்ளே புகாமலிருக்க வயருக்கெல்லாம் ஃபெரைட் வளையம் மாட்டச் சொல்லி, மூன்று நிமிடத்தில் தானாக அடங்கும்படி செட்டிலும் அமைத்தேன்.

மோர்ஸைக் கையால் தட்டவும் வழியில்லை. நான் தட்டும் ஒலி ஊருக்குப் போய் என் காதுக்குத் திரும்புவதற்குள் விரல் தடுமாறிவிடும். கம்ப்யூட்டரைத்தான் தட்டவிட்டேன். ஊரில் செட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட சித்தப்பா, “என்னலே இது, தையல் மெஷின் மாதிரி” என்றார்.

ஜூலையில் ஒரு ராத்திரி என் அழைப்புக்கு இத்தாலிக்காரர் ஒருவர் பதில் சொன்னார். என் பெயரை அனுப்புகிறேன், திரை உறைந்துவிட்டது. தென்காசியில் கரண்ட் போய், ரவுட்டர் படுத்துவிட்டது. இருபது நிமிடம் கழித்து சித்தப்பாவே கூப்பிட்டார்.

“அவன் உன்னயக் கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தாம்லே. பாவமா இருந்துச்சு. நானே கீயை எடுத்து முடிச்சுட்டேன்.”

“யார் கால்சைன்ல சித்தப்பா?”

“எங்கால்சைன்லதான். வெயில், மழை எப்படின்னு கேட்டான். சாரல் விழுதுன்னேன். டெல்லியப் பத்தி அவன் ஒண்ணும் கேக்கல.”