பொக்லைன் என்று சொல்லுங்கள்

தர்மபுரி மாவட்டத்து வத்தல்மலைக்குப் பேருந்து போகத் தொடங்கியதிலிருந்து மலையேறி வருகிறவர்களில் ஒரு வகையினர் உண்டு. பெயர்திருத்தி என்று அவர்களை அழைக்கலாம். காபிச் செடியையும் மரமேறிய மிளகுக்கொடியையும் பார்க்க வந்தவர்தான். ஆனால் கண்ணைவிடக் காதுக்குத்தான் அவரிடம் வேலை அதிகம். பெரியூர் டீக்கடை அம்மா, "மழைக்கு வளைவுல மண்ணு சரிஞ்சிருச்சுங்க சார், ஜேசிபி வந்துதான் வாரிப் போட்டுச்சு" என்று சொன்னால் போதும், டீ ஆறினாலும் பரவாயில்லை என்று கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். "ஜேசிபிங்கிறது கம்பெனி பேரும்மா. பொக்லைன் இயந்திரம்னு சொல்லணும்." செய்தித்தாளில் அப்படித்தான் அச்சாகிறது, அச்சில் வந்ததில் பிழை இருக்காது என்பது அவருடைய குலதெய்வ நம்பிக்கை. 1945இல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியைத் தொடங்கிய ஜோசப் சிரில் பாம்ஃபோர்டின் முதலெழுத்துகளே ஜேசிபி என்பது வரை அவர் பேச்சு சரி. பொக்லைன்? அது 1927இல் பிரான்சில் ஜார்ஜ் பத்தாய் தொடங்கிய கம்பெனி. ஆங்கிலேயரை எழுப்பிவிட்டு அதே நாற்காலியில் பிரெஞ்சுக்காரரை உட்கார வைத்திருக்கிறார், அவ்வளவுதான். மண்வேலை செய்கிறவர்களோ இவர்கள் இருவரையும் தாண்டிப் போய்விட்டார்கள். டயரில் ஓடினால் ஜேசிபி, சங்கிலியில் ஊர்ந்தால் ஹிட்டாச்சி. செய்தவர் யாராயினும் வண்டி எது என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. பொக்லைன் என்ற ஒரே சொல்லில் இரண்டையும் போட்டு அடைப்பவர் செய்தித்தாளைப் படித்தவர்தான்.

பெயர்திருத்தி தமிழ்ப் பற்றாளராகவும் இருந்துவிட்டால் இலக்கணத்தை இழுப்பார். இழுக்கட்டும், இலக்கணம் டீக்கடை அம்மாவின் பக்கம் நிற்கிறது. வள்ளுவர் செய்த நூலைப் படித்தவனை 'வள்ளுவரைப் படித்தான்' என்கிறோம். செய்தவரின் பெயர் செய்த பொருளுக்கு ஆகிவருவதால் இதைக் கருத்தாவாகுபெயர் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஜேசிபியும் அதுதானே? இங்கே அவர் மடக்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஔவையைப் படித்தவனை வள்ளுவரைப் படித்தான் என்று யாரும் சொல்வதில்லை. வேறு கம்பெனி வண்டியை ஜேசிபி என்பது ஆகுபெயருக்குள் அடங்காது என்பார். நியாயம்தான். ஆனால் வீட்டுக்குப் போனதும் அவர் அடுப்படியை ஒரு தரம் எட்டிப் பார்க்கலாம். எள்ளின் நெய் எண்ணெய். அப்படியானால் கடலை எண்ணெயில் எள் எங்கே? தேங்காய் எண்ணெயில்? மண்ணெண்ணெயில்? ஒரு பொருளின் பெயர் அதன் இனத்துக்கெல்லாம் பொதுவாவதைத் தமிழ் எப்போதோ பழகிவிட்டது. மண்ணெண்ணெய்க்கு எள் கேட்காதவர் ஜெராக்ஸுக்கு மட்டும் ஒளிநகல் கேட்பது என்ன கணக்கு?

அவருடைய கடைசி அஸ்திரம், வாங்குகிறவர் ஏமாறுவார் என்பது. பெயர் பொதுவானால் போலி நுழையும், மலைமக்கள் பாவம் என்று இரக்கப்படுவார். உண்மையில் கவலைப்பட வேண்டியவை கம்பெனிகள். ஜெராக்ஸ் நிறுவனமே தன் பெயரை வினைச்சொல்லாக்காதீர்கள் என்று அமெரிக்காவில் விளம்பரம் போட்டுக் கெஞ்சியது. அங்கே 1963இல் தெர்மாஸ் என்பது பொதுச்சொல்லாகிவிட்டதாக நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆக பெயர்திருத்தி காவல் காப்பது தமிழையுமல்ல, மலைமக்களையுமல்ல. கம்பெனி வக்கீலின் வேலையைச் சம்பளமில்லாமல் பார்க்கிறார். ஏமாறுவது பற்றியோ, பேச்சுமொழி அதற்கு முன்பே வழி செய்து வைத்திருக்கிறது. 1980இல் ஓசூரில் (அப்போது தர்மபுரி மாவட்டம்தான்) பிறந்த டிவிஎஸ் ஃபிப்டியின் பெயரைப் பிறகு வந்த எத்தனையோ மொபெட்டுகளுக்கும் வைத்தவர்கள், வாங்கப் போகும்போது எது எதுவென்று பார்த்துத்தான் பணத்தை எண்ணுகிறார்கள். பேச்சில் பெயர் பொது. வியாபாரத்தில் 'கம்பெனி', 'சாதா' என்று ஒரு முன்னொட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். இவ்வளவும் பேசித் தொண்டை வறண்டு, கீழே இறங்கும் பேருந்து ஹாரன் அடித்ததும், பெயர்திருத்தி அவசரமாகக் காசை நீட்டி ஒரு பிஸ்லரி கேட்பார். அது ஃபெலிச்சே பிஸ்லரி என்ற இத்தாலியரின் பெயர் என்பது அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வருவதில்லை. டீக்கடை அம்மா அவரைத் திருத்துவதும் இல்லை.

"கம்பெனி பிஸ்லரி தீந்துருச்சுங்க சார். சாதா பிஸ்லரிதான் இருக்குது, தரட்டுங்களா?"