ஈரத் தரை, இளகிய மனசு

கே: மழை பெய்து ரேஸ் மைதானம் இளகிவிட்டால் எந்தக் குதிரை மீது பணம் கட்டலாம்? (டீக்கடைக்காரர், தியாகதுருகம்)

ப: நம்மூர் மலைக்கோட்டை மேல் ஏறினாலும் கிண்டி ரேஸ் மைதானம் தெரியாது என்ற தைரியத்தில் கேட்கிறீர்கள்! குதிரையின் பெயரழகை விட்டுவிட்டு ரேஸ் புக்கைப் புரட்டுங்கள். இதற்கு முன் ஈரத் தரையில் ஓடியிருக்கிறதா, எத்தனையாவதாக வந்தது? காய்ந்த தரையில் வாங்கிய கோப்பைகள் அன்றைக்குப் பாதி சாட்சிதான். காலை உயரத் தூக்கி ஊன்றி ஓடுகிற குதிரை பெரும்பாலும் சேற்றைச் சமாளித்துவிடும். புல் நுனியை உரசிக்கொண்டு தாழ்வாகப் பறக்கிறதே, அந்த அழகிதான் ஈரத்தில் தடுமாறுவாள்.

கே: தரை எவ்வளவு இளகியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஜாக்கி செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்ப்பாரா? (கல்லூரி மாணவி, கள்ளக்குறிச்சி)

ப: பெனட்ரோமீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, கம்பி மண்ணுக்குள் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று அளப்பார்கள். பாதை நெடுகப் பல இடங்களில் குத்திப் பார்த்துச் சராசரி எடுப்பார்கள். எண் ஏற ஏற இளக்கம் அதிகம். மழைக்காலத்திலேயே சீசன் நடத்தும் புனேயில் இந்த எண்ணைப் பார்க்காமல் பழைய ஆட்கள் பர்ஸைத் திறப்பதில்லை.

ஆனால் காலையில் குத்தின கம்பிக்கு மதியம் வரப்போகும் மழை தெரியாது. நாலு ரேஸ் ஓடி முடிந்ததும் உள்வேலியோரம் குளம்படி பட்டுக் கிழிந்து கிடக்கும். வளைவு திரும்பியதும் ஜாக்கிகள் வெளிப்பக்கம் ஒதுங்குகிறார்களா என்று பாருங்கள். கருவி சொல்லாத சேதி அது. பார்ப்பதற்குப் பந்தய டிக்கெட் வாங்கத் தேவையில்லை. முதல் இரண்டு ரேஸுக்குக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள், கண் மட்டும் வேலை செய்யட்டும்.

கே: சேற்றில் எருமைதானே ஜெயிக்கும்? குதிரைக்கு அங்கே என்ன வேலை? (விவசாயி, மூங்கில்துறைப்பட்டு)

ப: எருமைதான் வேண்டுமென்றால் மங்களூர்ப் பக்கம் கம்பளா எருமைப் பந்தயத்துக்கு பஸ் ஏறுங்கள். குதிரைக்கு நேர்வது உங்களுக்குத் தெரிந்த கதைதான். சேடை ஓட்டும் மாடு போல ஒவ்வொரு அடிக்கும் காலைப் பிடுங்கி வைக்க வேண்டும். 1,200 மீட்டர் ஓட்டம் 1,400 மாதிரி இழுக்கும். அதனால் வேகக்காரனை விட தம் உள்ளவனுக்குத்தான் யோகம். பின்னால் வருகிற குதிரைக்கு முகமெல்லாம் சேறு. சிலது அதிலேயே கோபித்துக்கொண்டு ஓட்டத்தை விட்டுவிடும். ஆகவே முன்னால் போகிற குதிரைக்கு ஒரு சின்னச் சலுகை உண்டு.

இன்னொன்றும் சொல்வார்கள். ஹேண்டிகேப் ரேஸில் நல்ல குதிரைக்கு 60 கிலோ, சுமாரானதுக்கு 50 கிலோ என்று ஏற்றுகிறார்களே, சேற்றில் அந்தப் பத்து கிலோ இருபதாகக் கனக்குமாம். நான் முழுசாக நம்பவில்லை. சுமாரான குதிரை மழை வந்தாலும் சுமார்தான்.

கே: வாட்ஸ்அப்பில் 'மழை ஸ்பெஷல் டிப்ஸ்' 500 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா? (செல்போன் கடைக்காரர், சின்னசேலம்)

ப: ரேஸ் கிளப்பின் டோட் கவுண்டரில் எல்லார் பணமும் ஒரே உண்டியலில் விழும். வரியும் கிளப் பங்கும் போக மிச்சத்தை ஜெயித்த டிக்கெட்டுகளுக்குப் பிரிப்பார்கள். ஒரு குதிரைக்குக் கூட்டம் சேரச் சேர தலைக்கு விழுகிற துண்டு சிறுத்துக்கொண்டே போகும். நிஜமாகவே தெரிந்தவர் சம்சாரத்திடம்கூட மூச்சு விடமாட்டார். சின்னசேலத்துக்கு மெசேஜா அனுப்புவார்?

கே: குதிரைப் பந்தயம் சூதா, திறமையா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், சங்கராபுரம்)

ப: சூது என்று 1974-இல் தமிழக அரசு தடைச் சட்டம் கொண்டுவந்தது. 1986-இல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. 1996 ஜனவரியில் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 'திறமை ஆட்டம்' என்று தீர்ப்பளித்தது. பணம் கட்டுகிற உங்கள் மச்சானின் திறமை பற்றித் தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை.

ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் கேசினோ, லாட்டரியோடு ஒரே பந்தியில் உட்காரவைத்து 40 சதவீதம் பரிமாறிவிட்டார்கள். மண்ணைப் படித்து, குளம்பைப் படித்து நீங்கள் சம்பாதிக்கிற அறிவு முதலில் இந்த வரியை முந்தியாக வேண்டும். அதற்கப்புறம்தான் மற்ற குதிரைகள்.

கே: நம்ம பக்கத்தில் ஈரத்தில் ஜெயித்த குதிரை உண்டா? (தெருக்கூத்து ரசிகர், தியாகதுருகம்)

ப: செஞ்சி தேசிங்குராஜனின் குதிரை. 1714-இல் வெள்ளம் புரண்ட ஆற்றைத் தாண்டி அவரை அக்கரை சேர்த்தது. அதற்கப்புறம் நவாப் படையோடு நடந்ததுக்குக் குதிரை பொறுப்பில்லை.

கே: கிண்டியில் இப்போது தரை எப்படி? (லாரி டிரைவர், தியாகதுருகம்)

ப: நீங்கள் நினைக்கிற இளக்கத்துக்கும் மேலேயே! 2024 செப்டம்பரில் அரசு மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் குத்தகையை ரத்து செய்து 160 ஏக்கருக்கு மேல் கையகப்படுத்தியது. கிளப் கோர்ட்டுக்குப் போனது. இதற்கிடையில் மழைவெள்ளத்தைத் தேக்க மைதானத்துக்குள்ளேயே குளம் வெட்டிவிட்டார்கள். அங்கே பெனட்ரோமீட்டரை விட்டால் கம்பி திரும்பாது. சைதாப்பேட்டைப் பக்கம் லோடு இறக்கப் போனால் ஒரு தூண்டிலும் எடுத்துப் போங்கள்.