லேப்டாப் மாமா

கிள்ளான் பள்ளத்தாக்கில் குடும்பத்துக்கு ஒரு லேப்டாப் மாமா உண்டு. திருச்சிக்கோ சென்னைக்கோ டிக்கெட் போட்ட செய்தி எப்படியோ அவர் காதுக்குப் போய்விடும். மறுநாள் காலை வாசலில் நிற்பார். "என்னா தம்பி, பசியாறியாச்சா? ஊருக்குப் போறீங்களாமே, எத்தனை பேரு?" என்பார். நலம் விசாரிக்கிறார் என்று ஏமாந்துவிடாதீர்கள். தலைகளை எண்ணுகிறார்.

18 வயது நிரம்பிய பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பைத் தீர்வை கட்டாமல் இந்தியாவுக்குள் கொண்டு போகலாம் என்பது அந்நாட்டுச் சுங்க விதி. மாமா மனப்பாடமாக வைத்திருக்கும் வேதம் இது ஒன்றுதான். அவர் பார்வையில் மனிதகுலம் இரண்டு சாதி: 18 ஆனவர்கள், ஆகாதவர்கள். கல்யாணத்துக்குப் போகும் கூட்டத்தில் பதினேழரை வயதுப் பையன் ஒருவன் இருந்துவிட்டால், "கல்யாணத்தை ஒரு ஆறு மாசம் தள்ளி வச்சிருக்கலாம்லா" என்று பெண் வீட்டாரிடமே சொல்லக்கூடியவர்.

சாமான் வாங்க அவர் போகும் இடம் புக்கிட் பிந்தாங்கின் லோ யாட் பிளாசா. மாடி மாடியாக ஏறி, கடை கடையாக விலை கேட்டு, கடைசியில் முதலில் கேட்ட கடைக்கே வந்து, முதலில் சொன்ன விலைக்கே வாங்குவார். சாதித்தது ஒரு சுட்டி எலியும் ஒரு பையும் இனாமாகக் கிடைத்ததுதான். அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வந்து, துன் சம்பந்தன் சாலையில் ஒரு கடையில் தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்ந்தால், பக்கத்து மேசைக்காரருக்கும் சேர்த்து வகுப்பு தொடங்கிவிடும். 2010 அக்டோபரில் அப்போதைய பிரதமர்கள் நஜிப்பும் மன்மோகன் சிங்கும் இங்கே லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தபோது, தாம் கூட்டத்தில் முன்வரிசை என்பார். "அன்னைக்கே மன்மோகன் சிங்கிட்டக் கேட்டிருக்கணும், ஒண்ணை ரெண்டாக்குங்கன்னு. போலீஸ்காரன் விடலை."

புறப்படுவதற்கு முந்தின இரவு கிள்ளான் வீட்டுக் கூடத்தில் மந்திராலோசனை நடக்கும். ஒரு பக்கம் மைலோ, பிஸ்கட் டின், கோடாலித் தைலம். மறு பக்கம் லேப்டாப்புகள். நடுவில் தொங்கு தராசுடன் மாமா. மலிவுக் கட்டண விமானத்தில் கைப்பை இரண்டும் சேர்ந்து 7 கிலோ. லேப்டாப்பும் சார்ஜரும் மட்டும் இரண்டரைக் கிலோவை விழுங்கிவிடும். மிச்ச எடைக்கு அவர் கண்டுபிடித்த தீர்வு ஒரு ஜாக்கெட். அதில் எத்தனை பைகள் என்று தைத்தவருக்கே தெரியாது. இடப்பக்கம் இரண்டு சார்ஜர், வலப்பக்கம் ஹார்ட் டிஸ்க், உள்பையில் தைலம். "உடம்புல போட்டிருக்கிறதை எவனும் நிறுக்க மாட்டான்" என்பது அவர் கண்ட உண்மை. கிள்ளான் வெயிலில் அந்த ஜாக்கெட்டோடு காடியில் ஏறும்போதே மாமா பாதி கரைந்திருப்பார்.

எண்பதை நெருங்கும் பாட்டிக்கும் ஒரு லேப்டாப் ஒதுக்கப்பட்டிருக்கும். கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடமும் நடக்கும். "இது யாரோடதுன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" "என்னோடது." "இதுல என்ன செய்வீங்க?" "வெத்தலைப் பொட்டியாட்டம் பக்கத்துல வச்சுக்குவேன்." மாமா தலையில் கை வைத்துக்கொண்டு பாடத்தை முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

இத்தனை கேலிக்கு நடுவிலும், பேட்டரி என்று வந்துவிட்டால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். அதில் மட்டும் மாமா பொய் சொல்வதில்லை. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி. 100 வாட்-மணி வரை தாராளமாகக் கொண்டு போகலாம். 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் வீட்டிலேயே வைத்துவிட வேண்டியதுதான். 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கி 74 என்று விரல் மடக்காமல் சொல்வார். "ஆப்பிள்காரனே 16 அங்குல மேக்புக்குல நூறைத் தாண்டலை, நீ யாருடா?" என்பார்.

பவர் பேங்கைப் பெரிய பெட்டிக்குள் போடக் கூடாது, கையில்தான் வைத்திருக்க வேண்டும் என்பதிலும் அவர் கண்டிப்பு நியாயமானதே. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் ஒரு கலம் சூடாகி அடுத்த கலத்தைப் பற்றவைக்கும். இருக்கைக்குப் பக்கத்தில் என்றால் பணிப்பெண்கள் தண்ணீர் ஊற்றித் தணிப்பார்கள். சரக்கறைக்குள் யார் போவது? 2025 ஜனவரி 28-இல் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்பட இருந்த ஏர் பூசான் விமானம் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் தப்பினார்கள். பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் மலேசியா ஏர்லைன்ஸும் ஏர் ஏசியாவும் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்த விடுவதில்லை. "நான் பத்து வருசமா சொல்றேன், இப்பத்தான் அவனுங்களுக்குப் புரிஞ்சிருக்கு" என்பார் மாமா.

செப்பாங் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைதான் அவருடைய மேடை. லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்வார்கள். பேட்டரியும் சுற்றுப்பலகையும் நெருக்கமாக இருப்பதால், அடியில் இருப்பதை எக்ஸ்ரே படத்தில் மறைத்துவிடும், அவ்வளவுதான் சங்கதி. மாமாவின் விளக்கமோ வேறு. எக்ஸ்ரே பட்டால் உள்ளே இருக்கும் கல்யாணப் போட்டோவெல்லாம் வெளுத்துவிடும் என்று நம்புகிறார். அப்படி ஒன்றும் ஆகாது. ஆனாலும் தட்டு மறுபக்கம் வந்தவுடன் அங்கேயே திறந்து ஒரு போட்டோவைப் பார்த்தால்தான் அவருக்கு உயிர் வரும். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். இதற்குள் ஜாக்கெட்டையும் கழற்றச் சொல்லியிருப்பார்கள். அது ஒன்றுக்கே மூன்று தட்டு.

விமானத்தில் ஏறியதும் லேப்டாப்பைத் திறப்பார். வேலை செய்யத்தான் என்று பக்கத்து இருக்கைக்காரர் மரியாதையாக முழங்கையை ஒடுக்கிக்கொள்வார். திரையில் ஒரே ஒரு அட்டவணை: யார் பையில் யார் லேப்டாப். விமானம் கிளம்பும்போது பணிப்பெண் வந்து உள்ளே வைக்கச் சொன்னால், "சிக்னல் கோளாறாயிடும், அதான்" என்று நமக்கு விளக்குவார். இரண்டு கிலோ இரும்பு, விமானம் குலுங்கினால் யார் மண்டையையாவது பதம் பார்த்துவிடும் என்பதுதான் முக்கியக் காரணம். அதைச் சொன்னால் மாமாவுக்குப் பிடிக்காது. அவருக்கு விஞ்ஞானம் வேண்டும்.

நாலு மணி நேரத்தில் திருச்சி. 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புது முனையத்தின் அழகையெல்லாம் மாமா பார்ப்பதில்லை. சுங்க அதிகாரியின் முகத்தை மட்டுமே பார்ப்பார். அதிகாரி சிரித்துக்கொண்டே, "பாட்டி, லேப்டாப்பெல்லாம் வச்சிருக்கீங்களே, உங்களோடதா?" என்பார். முந்தின இரவு ஒப்பித்த பாடம் அந்த ஒரு சிரிப்பில் காற்றாய்ப் பறந்துவிடும். "எனக்கு என்னாய்யா தெரியும், அந்தா நிக்கிறானே ஜாக்கெட்டுக்காரன், அவன் கொடுத்தது." சலுகை பயணியின் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான் என்று அதிகாரி ஜாக்கெட்டுக்காரருக்குப் பொறுமையாகப் பாடம் எடுப்பார். மாமா முதன்முறையாக வாய் திறக்காமல் கேட்பார்.

இத்தனை பாடும் யாருக்காக? புதுக்கோட்டைப் பக்கம் ஒரு மருமகளுக்காக. அவளிடம் லேப்டாப் வேண்டுமா என்று யாரும் கேட்டதே இல்லை. எல்லாம் கைப்பேசியிலேயே முடிகிறது அவளுக்கு. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் அவள் அக்காள் வாங்கியது ஒன்று, மூடியில் முதலமைச்சர் படத்தோடு பரணில் தூங்குகிறது. ஆனாலும் மாமா ஊர்கூட்டிப் புதுப் பெட்டியைத் திறந்து, சார்ஜரை எடுத்துச் சுவரில் செருகப் போவார். மலேசியாவின் பிளக்குக்குக் கால்கள் தட்டை. ஊர்ச் சுவரிலோ துளைகள் வட்டம். எல்லா விதியும் தெரிந்த மாமாவுக்கு இது மட்டும் தெரியாமல் போய்விட்டது. மருமகள்தான் கடைக்குப் போய் அடாப்டர் வாங்கி வருவாள்.

உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் பேட்டரியைப் பற்றிச் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். எக்ஸ்ரேயைப் பற்றிச் சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள். உங்கள் பையில் என்ன வைக்கப் போகிறார் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சுங்கத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், மாமா அல்ல. ஜாக்கெட்டை நீட்டினால், எந்த முறை சொல்லிக் கூப்பிட்டாலும் சரி, போட்டுக்கொள்ளாதீர்கள்.